செல்வி என்னிடம் சொன்ன வார்த்தை

சாமி,

இதைப் படிக்க உட்காரும்போது ஃபோனைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிடு. நேரிலேயே சொல்லியிருக்கலாம். நீ மாடியில்தான் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறந்தாலே உனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. போன மாதம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "இது சரியில்ல சாமி, உன்ற கல்யாணத்துல இந்த வேலையெல்லாம் வேண்டாம்" என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்துக்கொண்டே ஃபோனைத் தூக்கினாய். "அம்மா, அதே மூஞ்சியோட இன்னொருக்கா சொல்லு, எடுத்துக்கறே" என்றாய். நானும் முந்தானையைச் சரி செய்துகொண்டு இன்னொரு தடவை சொன்னேன். என்னால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் தெரியவில்லை. காகிதத்தில் என் குரல் கேட்காது, என் முகமும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அன்றைக்கு நித்யா விளக்கோடு நம் வீட்டு வாசல்படி ஏறும்போது, நான் குறுக்கே நின்று அவளை ஏற இறங்கப் பார்த்து, "நகையெல்லாங் கழட்டி இங்க வெச்சுட்டு உள்ள போ அம்மணி" என்று சொல்ல வேண்டும், அதிலிருந்து மாமியார் மருமகள் வீடியோக்களைத் தொடங்கலாம் என்று நீ கேட்டாய். சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது முடியாது என்கிறேன். ஏன் முடியாது என்று சொல்ல வேண்டுமானால் நீ முதன்முதலாக எடுத்த வீடியோவிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் உன் தப்பைவிட என் தப்புதான் அதிகம் வெளியே வரும். வரட்டும்.

நாலு வருடத்துக்கு முன் கோயமுத்தூர் வேலை போய் நீ வீட்டுக்கு வந்து முகம் கொடுக்காமல் படுத்துக் கிடந்தாய். ஒரு நாள் என் நைட்டியை மாட்டிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கொல்லையில் நின்று ஏதோ எடுத்தாய். அதில் அம்மாவும் நீதான், அப்பாவும் நீதான். கிரிக்கெட் பார்க்கிற அப்பா டீ கேட்பார். அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்து, "நானுஞ் செத்தாத்தான் இந்த ஊட்டு ஆம்பளைக அடுப்பப் பத்த வெப்பீங்களா?" என்று கத்துவாள். நம் ஊர் பெருமாட்டியில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. நானும் பார்த்தேன். என் நடை, நான் மூக்கை உறிஞ்சுவது, பேச்சுக்கு நடுவே இடுப்பில் கை வைப்பது எல்லாம் அப்படியே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை யாரும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. என் பிள்ளை பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அந்த வார்த்தையை நான் எப்போது சொன்னேன் என்பதை நீ மறந்திருப்பாய். என் அப்பா செத்துக் காரியமெல்லாம் முடிந்து, எட்டாம் நாள் சாயங்காலம் நான் வீடு திரும்பினேன். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. நீயும் உன் அப்பாவும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். அடுப்பு காலையிலிருந்து எரியவே இல்லை. "நீ வந்துருவீன்னுதான் காத்துட்டு இருக்கறோம், பசிக்குது" என்றார் உன் அப்பா. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடி அந்த வார்த்தையைச் சொன்னேன். கரண்டியை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. சொல்லிவிட்டு அழுதுகொண்டே அரிசி கழுவினேன். உன் அக்கா சுகந்தி அன்றைக்கு என்னோடுதான் வந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள். உன் வீடியோ வந்த அன்று பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, அன்னைக்கு நீ அழுதியே, அதையவா இவன் சிரிப்பாக்கி வெச்சிருக்கறான்?" என்று கேட்டாள். "தம்பி நாலு பேருக்குத் தெரிய வந்தா உனக்கு வயித்தெரிச்சலா?" என்று நான் அவளைத் திட்டினேன். உன் சாப்பாட்டுத் தட்டைச் சின்ன வயதிலிருந்து அவளைக் கழுவ வைத்தவள் நான்தானே. அப்போதும் அவளுக்கு வாய் இருந்தது, கேட்டாள். அப்போதும் இதே மாதிரிதான் அவள் வாயை அடைத்தேன்.

அதற்கப்புறம் எங்கே போனாலும் என்னை அடையாளம் தெரிந்தது. சித்தூர் பஸ்ஸில் பொண்ணுகள் இடம் கொடுத்துவிட்டு, "அந்த டயலாக் ஒருக்கா சொல்லுங்க அக்கா" என்பார்கள். ரேஷன் கடையிலும் கேட்டார்கள், கோயிலிலும் கேட்டார்கள். நானும் சொன்னேன். முதல் நாலைந்து தடவை சொல்லும்போது செத்துப்போன என் அப்பா ஞாபகம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுபோனது. வீட்டில் என் பேச்சே மாறிவிட்டது. எனக்கு நிஜமாகவே தலை சுற்றி மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்த அன்று, "ஆரம்பிச்சுட்டா" என்று உன் அப்பா சிரித்தார். அது நீ வீடியோவில் அப்பாவுக்கு எழுதிய வசனம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

நீ கொஞ்ச நாளில் என்னிடமே வந்து, "அம்மா, வேற என்னம்மா சொல்லுவீங்க நீங்கெல்லாம்?" என்று கேட்க ஆரம்பித்தாய். நீங்களெல்லாம் என்றால் பொம்பளைகள். நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். காய்கறி நறுக்கிக்கொண்டே, தேங்காய் துருவிக்கொண்டே, சந்தையில் கேட்டது, கல்யாண வீட்டில் கேட்டது, எல்லாவற்றையும் குரல் மாற்றி நடித்துக் காட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். படுத்துக் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று எனக்கு அது ஒரு மருந்து மாதிரி இருந்தது. அப்படி ஒரு நாள் சொன்னதுதான் செல்வி சொன்னது.

செல்வியை உனக்குத் தெரியும். அடுத்த தோப்பு வீடு, தேங்காய் வண்டி ஓட்டுகிறவனுடைய பெண்டாட்டி. ஆனால் நான் அவளை எப்படிப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. சித்தூர் காலேஜில் தமிழ் படித்தேன் நான், இரண்டு வருடம், அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. பாடத்தில் வந்த பெண்கள் பொறுமையாக இருந்தே பெரிய பேர் வாங்கினார்கள். வீட்டில் வாங்கிய வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை ஒன்று விடாமல் படிப்பேன். அவற்றில் சத்தமாகப் பேசுகிறவள் எப்போதும் கெட்டவள், கடைசி அத்தியாயத்தில் அழுது திருந்துவாள். நிமிர்ந்து பார்க்காதவள் நல்லவள். இந்த இரண்டு பெட்டிதான் என் மண்டையில் இருந்தது. செல்வி கல்யாணமாகி வந்த புதிதில் கிணற்றடியில் நின்று தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். அன்றைக்கே அவளை எந்தப் பெட்டியில் போட வேண்டுமோ அதில் போட்டுவிட்டேன். அப்புறம் அவள் சிரிப்பு குறைந்தது, பேச்சும் குறைந்தது. நான் பெட்டியை மாற்றவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவள் நம் அடுப்படிக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. நான் கேட்காமலே சொன்னாள், மெதுவாக, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு. "அவருகிட்ட நானே சொல்லிப் போட்டனுங்க அக்கா. அடிக்கறதுன்னா மொதல்ல சோறு தின்னுட்டு அப்பறம் அடிங்கன்னு. அடி வாங்கீட்டுப் பரிமாறுனா எனக்குக் கை நடுங்குது, கொழம்பு கீழ சிந்துது, அதுக்கும் ஒரு அடி உழுகுது." நான் அவளுக்குக் காப்பி கொடுத்தேன். "ஆம்பளைக அப்படித்தான், நீ கொஞ்சம் வாயக் கட்டு" என்றேன். வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவளிடம் அதைச் சொன்னேன். அவள் போனதும் நீ மாடியிலிருந்து இறங்கி வந்தாய். அவள் குரலில், கையை நடுங்க வைத்து, அதை உனக்கு நடித்துக் காட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன் சாமி, நான் சிரித்தேன்.

நீ அதைத் திருப்பிப் போட்டாய். வீடியோவில் பெண்டாட்டிதான் அடிப்பவள். புருஷன் மூலையில் நடுங்கிக்கொண்டு நிற்பான். அவள் கரண்டியோடு, "மொதல்ல சோறு, அப்பறம் அடி! அடிச்சு அடிச்சு எனக்குக் கை நடுங்குது, பரிமாற முடியறதில்ல" என்பாள். நீ எடுத்ததிலேயே அதுதான் அதிகம் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் அதைக் கத்திக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் செல்வி வேலியோரம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வரைக்கும் வந்து காய்ந்திருந்தது. அவள் சொன்ன வார்த்தை அவள் புருஷனுக்குத் தெரியாதா? "எங்கூட்டுப் பேச்ச வெளிய சொல்லி ஊரே சிரிக்க வெச்சுட்டியா" என்று கேட்டு அறைந்திருக்கிறான். "ஸ்டேஷனுக்குக் கூட வாறீங்களா அக்கா?" என்றாள். போனேன். அதுவரைக்கும் நான் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அவனையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் வந்து கை கட்டி நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஃபோனை நீட்டினான். "எங்க ஊட்டுக் கதையத்தானுங்க சார் இதுல எடுத்திருக்கறாங்க. ஆரு ஆர அடிக்கறதுன்னு நீங்களே பாருங்க" என்றான். போலீஸ்காரர் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது ஆ வீடியோக்காரன்டெ அம்மையல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார், அந்த வீடியோக்காரனுடைய அம்மாதானே என்று. ஆமாம் என்றேன். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். நான் அதற்கு முகத்தைச் சரி செய்துகொண்டு சிரித்தேன். செல்வி அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து காதில் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஃபோட்டோவை நீ பார்த்திருக்கிறாய். "அம்மா, போலீஸே உனக்கு ஃபேனா" என்று கேட்டாயே, அது அன்றைக்கு எடுத்ததுதான்.

பத்து நாள் கழித்து அவள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டாள். ஓடிப்போனாள் என்றார்கள். யாரோடு என்று கேட்டார்கள். அவள் தங்கையிடம்தான் போனாள், மறையூரில் தங்கையும் அவள் புருஷனும் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் வேலை செய்கிறார்கள். இது எனக்குத் தெரியும். ஆனால் சந்தையில் நாலு பேர் வேறு மாதிரிப் பேசினபோது நான் காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் உன்னிடம் அந்த ஒரு வீடியோவை மட்டும் அழித்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். செல்வி பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மாதான், எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். "அது ஒண்ணுதாம்மா நிக்குது, அதைப் போயி எடுக்கச் சொல்றே. சிரிப்புக்குத்தானே, ஆரு அதைய நெசம்னு எடுத்துக்கப் போறாங்க?" என்றாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, காரணத்தைச் சொல்லாமல் கேட்டவள் நான்தான். இப்போது சொல்லிவிட்டேன். இப்போது நீ அதை அழித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். அது யார் யார் ஃபோனிலோ போய்விட்டது. அவள் புருஷன் ஃபோனிலும் இருக்கும்.

இனி நித்யா. நிச்சயம் முடிந்ததிலிருந்து அந்தப் பொண்ணு வாரத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுகிறாள். போன வாரத்துக்கு முந்தின வாரம் கூப்பிட்டவள் முதலில் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசினாள். அப்புறம், "அத்தை, உங்ககிட்டச் சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கைங்க" என்று சொல்லிவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். தப்பான விஷயம் எதுவும் இல்லை. கல்யாணம் நெருங்கும்போது ஒரு பொண்ணுக்கு வருகிற பயம், அவளுக்கு அம்மா இல்லாததால் என்னிடம் சொல்கிறாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? அவள் குரலை நான் மனதுக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் இழுக்கிறாள், எந்த இடத்தில் மூச்சு விடுகிறாள், இதை உன்னிடம் எப்படிச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று. ஃபோனை வைத்த பிறகு மாடிப்படியில் பாதி ஏறிவிட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னை இப்படி ஆக்கியது யார் என்று நான் டிவியையும் ஃபோனையும் சொல்லலாம், நான் படித்த கதைகளைச் சொல்லலாம். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது அங்கே டிவியும் இல்லை, ஃபோனும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

அதனால்தான் போன புதன்கிழமை மறையூர் போனேன். சுகந்திக்குப் பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னது பொய். பொள்ளாச்சி போய், உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து காட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஒரு கையில் உன் கல்யாணப் பத்திரிகை, குங்குமம், வெற்றிலை பாக்கு. மறையூரில் இறங்கி விசாரித்தேன். கரும்புக்காட்டு நடுவே கொட்டகை. பெரிய கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. செல்வி நாலைந்து பொம்பளைகளோடு உட்கார்ந்து சூடு ஆறாத வெல்லத்தை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்க அக்கா" என்றாள். ஒரு மர முக்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

அவள் மறுபடி வேலைக்கு உட்கார்ந்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி, அன்றைக்கு அடுப்படியில் நீ சொன்னதை நான்தான் என் பையனிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டு சொன்னேன், ஸ்டேஷனில் ஃபோட்டோவுக்கு நின்றேன், என்னை மன்னிச்சுக்க என்று. நிமிர்ந்து பார்த்தால் அவள் உருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள், முகத்தில் ஒன்றும் இல்லை. "அந்தக் காது கேக்கறதில்லீங்க அக்கா" என்றாள். "இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, கொப்பரைச் சத்தம் வேற."

எழுந்து சுற்றிப் போய் அவள் வலது பக்கம் உட்கார்ந்தேன். அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து, சத்தமாக, அந்தப் பொம்பளைகளும் கொப்பரை கிளறுகிற ஆட்களும் கேட்கச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவள் கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படித் தெரியும் கண்ணு?"

"அந்த வார்த்தைய நா உங்க ஒருத்தர்கிட்டத்தானுங்க சொன்னே. எங்கம்மாகிட்டக் கூடச் சொல்லுல. வீடியோவப் பாத்தன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அன்னைக்கு என்னையக் கூப்பிட்ட?"

"வேற ஆரு இருந்தாங்க எனக்கு அங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்கிற மாதிரியும் கேட்கவில்லை. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உள்ளங்கை இரண்டும் சூட்டில் சிவந்து கிடந்தன. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "பாகு ஒட்டுமுங்க" என்றாள்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பத்திரிகையை எடுத்து நீட்டினேன். என்ன ஒரு பொம்பளை நான், அந்த இடத்தில் பத்திரிகையை நீட்டினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினாள். உன் பேரையும் நித்யா பேரையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். வர முடியாதுங்க, தம்பி நல்லா இருக்கட்டும் என்றாள். அந்த வார்த்தையை அவள் மனசாரத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கரும்புச் சக்கை காய்கிற இடம் வரைக்கும் அவள் கூடவே வந்தாள். அங்கே நின்று, "மருமகப் பொண்ணு உங்ககூடப் பேசறாளுங்களா?" என்று கேட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறாள், தாயில்லாத பொண்ணு, மனசு விட்டு எல்லாம் சொல்கிறாள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும்போல.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லிப்போடுங்க அக்கா" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்னு."

அப்புறம் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

ஊர் வந்து சேர்ந்து அஞ்சு நாள் ஆகிறது. நித்யா நேற்றும் கூப்பிட்டாள். செல்வி சொன்னதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை சாமி. நீ சொல்லிவிடு.

அம்மா